ஏழு நாளுக்கு எழுதிய வலி மாத்திரை, மூன்று வருடமாக நிறுத்த முடியவில்லை

கேள்வி:

டாக்டருக்கு வணக்கம். எனக்கு 38 வயது. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் ஓவர்லாக் மெஷினில் தைக்கிறேன். மூன்று வருடத்துக்கு முன்பு இடுப்பு வலி வந்து காலுக்கு இறங்கியது. ஸ்கேன் எடுத்துவிட்டு, டிஸ்க் கொஞ்சம் பிதுங்கியிருக்கிறது என்று சொல்லி, டிரமடாலும் பாராசிட்டமாலும் சேர்ந்த மாத்திரையை ஏழு நாளுக்கு எழுதிக் கொடுத்தார்கள். வலி நின்றது. சொல்ல வெட்கமாக இருக்கிறது, மனசும் லேசானது. ஷிப்ட் முடிந்து வந்து சமைப்பதுகூடப் பாரமாகத் தெரியவில்லை. அதே சீட்டை வைத்து மறுபடி வாங்கினேன். இப்போது ஒரு நாளைக்குப் பத்து மாத்திரை, சில நாள் பன்னிரண்டு. மூன்று மெடிக்கலில் மாற்றி மாற்றி வாங்குகிறேன்.

பொங்கலுக்கு மாமியார் ஊருக்குப் போனபோது அட்டை தீர்ந்துவிட்டது. இரண்டாம் நாள் ஓயாத கொட்டாவி, மூக்கு ஒழுகல், புல்லரிப்பு, வயிற்றுப்போக்கு, ராத்திரி முழுக்கக் கால் குடைச்சல். ஏதோ விஷக் காய்ச்சல் என்று நினைத்தேன். ஊர் திரும்பி இரண்டு மாத்திரை போட்டதும் ஒரு மணி நேரத்தில் எல்லாம் போய்விட்டது. அப்போதுதான் புரிந்தது. போன மாதம் மெஷினிலேயே மயங்கி விழுந்தேன். கை கால் வெட்டி இழுத்ததாகச் சொன்னார்கள். கையில் சாவிக்கொத்தைக் கொடுத்து எழுப்பியிருக்கிறார்கள். சாப்பிடாததால் வந்த மயக்கம் என்று வீட்டில் சொல்லிவிட்டேன். தூக்கமில்லை, அழுகை வருகிறது என்று ஆறு மாதமாக எஸ்சிட்டலோபிராம் சாப்பிடுகிறேன். அதை எழுதிய டாக்டரிடமும் இதைச் சொல்லவில்லை.

பேப்பரில் வருகிறார்களே, மாத்திரையைக் கரைத்து ஊசி போட்டுக்கொள்ளும் பையன்கள், நானும் அவர்கள் மாதிரி ஆகிவிட்டேனா? கதவைச் சாத்திக்கொண்டு பல்லைக் கடித்துக்கொண்டு நிறுத்தினால் எத்தனை நாளில் சரியாகும்? ஆஸ்பத்திரிக்குப் போனால் போலீசுக்குச் சொல்வார்களா? இன்னொன்று. என் அம்மாவுக்கு மார்பகப் புற்றுநோய் எலும்புக்குப் பரவிவிட்டது, எங்களோடுதான் இருக்கிறார். வலிக்கு மார்ஃபின் மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். என் நிலையைப் பார்த்த பயத்தில் அவருக்குப் பாதிதான் கொடுக்கிறேன். ஒரு நாள் எனக்கு மாத்திரை கிடைக்காதபோது அவர் டப்பாவைக் கையில் எடுத்தேன், திரும்ப வைத்துவிட்டேன். கணவருக்கு எதுவும் தெரியாது. பக்கத்துத் தெருவில் இருக்கும் தங்கைக்கு மட்டும் அரைகுறையாகத் தெரியும்.

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

இரண்டாவது கேள்விக்குத்தான் முதலில் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. கதவைச் சாத்திக்கொண்டு நிறுத்த வேண்டாம். இதைப் படித்த மறுநாளே ஒரு மனநல மருத்துவரைப் பாருங்கள். திருப்பூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போகலாம். தெரிந்தவர்கள் கண்ணில் பட்டுவிடுவோம் என்று தயக்கமாக இருந்தால் கோவைக்குப் பஸ் ஏறுங்கள். அதுவரை எண்ணிக்கையைக் கூட்டவும் வேண்டாம், ஒரேயடியாக நிறுத்தவும் வேண்டாம், நான்கைந்தை மொத்தமாக விழுங்கவும் வேண்டாம். மருத்துவர் சரி என்று சொல்லும்வரை மெஷினில் உட்காராதீர்கள், வண்டி ஓட்டாதீர்கள், குளிக்கும்போது கதவைத் தாழிடாதீர்கள்.

இவ்வளவு அவசரம் எதற்கு என்றால், அந்த மயக்கத்துக்காக. அது சாப்பிடாததால் வந்தது இல்லை. நீங்கள் விவரித்திருப்பது வலிப்பு. டிரமடாலுக்கு இந்தக் குணம் உண்டு. அளவு ஏற ஏற வலிப்பு வரும் வாய்ப்பும் ஏறும். சாவிக்கொத்தால் அது நிற்கவில்லை. பெரும்பாலான வலிப்பு இரண்டு மூன்று நிமிடத்தில் தானாக அடங்கிவிடும், பாராட்டு கையில் இருந்த இரும்புக்குப் போய்ச் சேர்ந்துவிடும். உங்களோடு வேலை செய்கிறவர்களிடம் சொல்லி வையுங்கள்: இன்னொரு தடவை வந்தால் ஒருக்களித்துப் படுக்க வைக்க வேண்டும், வாயில் எதையும் திணிக்கக் கூடாது, ஐந்து நிமிடத்தைத் தாண்டினால் 108.

இனி மாத்திரைக் கணக்கைப் பார்ப்போம். வழக்கமாக இந்தக் கூட்டு மாத்திரை ஒன்றில் டிரமடால் 37.5 மில்லிகிராம், பாராசிட்டமால் 325 மில்லிகிராம் இருக்கும். ஒரு நாளைக்கு எட்டைத் தாண்டக் கூடாது என்பது இதற்கான வரம்பு. பத்து போட்டால் டிரமடால் 375 ஆகிறது. பன்னிரண்டு போட்ட நாளில் 450. டிரமடாலைத் தனியாகக் கொடுத்தாலும் நாங்கள் 400-ஐத் தாண்ட மாட்டோம். பாராசிட்டமால் பக்கம் பன்னிரண்டு மாத்திரைக்கு 3,900 மில்லிகிராம். தலைவலி என்று அன்றைக்கு ஒரு டோலோ 650 சேர்த்துப் போட்டிருந்தால் 4,000 என்ற எல்லையைத் தாண்டியாயிற்று. அதற்கு மேல் கல்லீரல் தாங்காது. வலி மாத்திரைக்கு அடிமையாகி வருகிறவர்களில் பலர் போதைப் பகுதியைப் பற்றித்தான் பயப்படுகிறார்கள், கூடவே உள்ளே போகும் இந்தச் சாதாரணக் காய்ச்சல் மருந்தை யாரும் எண்ணுவதில்லை. மருத்துவமனையில் கல்லீரலுக்கான ரத்தப் பரிசோதனையைக் கேட்டு எடுத்துக்கொள்ளுங்கள்.

மனசு லேசானதாக எழுதிவிட்டு வெட்கப்பட்டிருக்கிறீர்கள். டிரமடால் ஒரே நேரத்தில் இரண்டு வேலை செய்கிற மருந்து. கல்லீரலில் அது வேறொரு பொருளாக மாறி, அபின் குடும்பத்து மருந்துகள் போய் உட்காரும் அதே ஏற்பிகளில் மூளையில் உட்காருகிறது. வலி குறைவது பெரும்பாலும் அதனால். இன்னொரு பக்கம் செரட்டோனின், நார்அட்ரினலின் என்ற மூளை ரசாயனங்கள் இரண்டையும் கூட்டுகிறது. மனச்சோர்வு மாத்திரைகள் செய்வதும் ஏறக்குறைய இதைத்தான். பத்து மணி நேரம் முதுகு சாயாமல் தைத்துவிட்டு, வீட்டுக்கு வந்து சமைத்து, நோயாளித் தாயையும் பார்த்துக்கொள்கிற ஒருத்திக்கு அந்த லேசு எவ்வளவு பெரியதாகத் தெரிந்திருக்கும் என்று புரிகிறது. அழுகைக்கும் தூக்கமின்மைக்கும் வேறு வைத்தியம் அப்போதே கிடைத்திருந்தால் இரண்டாவது அட்டை வாங்கியிருக்க மாட்டீர்களோ என்னவோ.

எஸ்சிட்டலோபிராமை எழுதியவர் மீது தப்பில்லை, அவருக்குத் தெரியாது. ஆனால் அதுவும் செரட்டோனினைக் கூட்டுகிற மருந்து. இரண்டும் சேரும்போது வலிப்புக்கான வாய்ப்பு கூடுகிறது. காய்ச்சல், கடும் வியர்வை, கை கால் உதறல், காரணமில்லாத பதற்றம் எல்லாம் சேர்ந்து வந்தால் நேரம் பார்க்காமல் அவசரப் பிரிவுக்குப் போங்கள். அதற்காக அதை நீங்களாகவே நிறுத்திவிடவும் வேண்டாம், அதிலும் திடீர் நிறுத்தம் ஆகாது. எல்லா அட்டைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போய் மருத்துவர் மேஜையில் கொட்டுங்கள். எது போக வேண்டும், எது இருக்க வேண்டும் என்று அவர் பார்த்துக்கொள்வார். தூக்கத்துக்கு என்று யாராவது அல்பிரசோலம் மாதிரி மாத்திரை சிபாரிசு செய்தால் வாங்கவே வாங்காதீர்கள். டிரமடாலோடு அது சேர்ந்தால் தூக்கத்திலேயே மூச்சு அடங்கிவிடலாம்.

சரி, நீங்கள் அடிமையா?

பொங்கலுக்கு வந்த கொட்டாவி, கால் குடைச்சல் எல்லாம் உடல் மருந்துக்குப் பழகிவிட்டதன் அடையாளம். அதை மட்டும் வைத்து யாரையும் அடிமை என்று சொல்ல மாட்டோம். அபின் வகை மருந்தை வாரக்கணக்கில் தொடர்ந்து சாப்பிடும் யாருக்கும், எவ்வளவு ஒழுங்காகச் சாப்பிட்டாலும், அது வரும். உங்கள் அம்மாவுக்கும் வரும். ஆனால் உங்கள் கடிதத்தில் வேறு விஷயங்களும் இருக்கின்றன. எண்ணிக்கை உங்கள் பிடியில் இல்லை, மூன்று கடைகள், வீட்டில் பொய், வலிப்பு வந்த பிறகும் தொடர்கிறீர்கள். இதற்கு மருத்துவத்தில் ஓபியாய்டு பயன்பாட்டுக் கோளாறு என்று பெயர். அபின் வகை மருந்துகளைத்தான் ஓபியாய்டு என்கிறோம். ஆமாம், உங்களுக்கு அது இருக்கிறது. மழுப்பிச் சொன்னால் உங்களுக்கு உதவியாக இருக்காது.

அந்தப் பையன்களைப் பற்றி. அவர்கள் பெரும்பாலும் டபென்டடால் என்ற இதே வகை வலி மாத்திரையைத் தண்ணீரில் கரைத்து நரம்பில் ஏற்றிக்கொள்கிறார்கள். மாத்திரையில் மருந்தைத் தவிர வேறு தூள்களும் உண்டு, அவை நரம்பை அடைத்துப் புண்ணாக்கும். ஒரே ஊசியைப் பலர் பயன்படுத்தினால் எச்ஐவியும் மஞ்சள் காமாலைக் கிருமிகளும் கூடவே போகும். நீங்கள் போகும் வழி வேறு, ஆபத்துகளும் கொஞ்சம் வேறு. மூளைக்குள் போய்ச் சேரும் இடம் ஒன்றுதான். என் வார்டில் அவர்களும் உங்களைப் போன்ற பெண்களும் அடுத்தடுத்த கட்டிலில் இருப்பார்கள், நான் இருவருக்கும் கொடுப்பது ஒரே மருந்து. 2018-இல் மத்திய அரசுக்காக எய்ம்ஸ் நடத்திய நாடு தழுவிய கணக்கெடுப்பில், முந்தைய ஓராண்டில் ஹெராயின் பயன்படுத்தியவர்கள் 1.14 சதவீதம் என்றால், மருந்துக்கடை ஓபியாய்டுகளைத் தவறாகப் பயன்படுத்தியவர்கள் 0.96 சதவீதம். அந்த 0.96-க்குள் உங்களைப் போல் ஒரு சீட்டோடு தொடங்கியவர்களும் இருப்பார்கள்.

இதில் எங்கள் தொழிலின் பங்கையும் சொல்லிவிடுகிறேன். 1980-இல் அமெரிக்காவின் பெரிய மருத்துவ இதழ் ஒன்றில் ஆசிரியருக்கு ஒரு கடிதம் வந்தது. ஐந்தே வாக்கியம். மருத்துவமனையில் ஓபியாய்டு பெற்ற 11,882 பேரில் நான்கு பேருக்குத்தான் அடிமைத்தனம் தெரிந்தது என்று அதில் இருந்தது. மருத்துவமனைக் கட்டிலில், கண்காணிப்பில் இருந்தவர்களின் கணக்கு அது. அடுத்த முப்பது நாற்பது ஆண்டுகளில் அது நூற்றுக்கணக்கான கட்டுரைகளில் மேற்கோளாகி, வீட்டுக்குக் கொடுத்தனுப்பும் மாத்திரைக்கும் சான்றாகிவிட்டது. 1996-இல் ஆக்ஸிகான்டின் என்ற ஓபியாய்டு மாத்திரை அங்கே சந்தைக்கு வந்து எத்தனை பேர் அடிமையானார்கள் என்பது உலகத்துக்கே தெரியும். டிரமடாலின் கதை அவ்வளவு சத்தம் இல்லாதது. 1977-இல் மேற்கு ஜெர்மனியில் விற்பனைக்கு வந்தது. லேசானது, அவ்வளவாகப் பழக்கம் ஆகாது என்ற பெயரோடு நம் ஊருக்கும் வந்தது. நானே அப்படி நினைத்து எழுதிய காலம் உண்டு. 2014 மார்ச்சில் இது எச்1 பட்டியலுக்குள் வந்தது. சீட்டு இல்லாமல் கொடுக்கக் கூடாது, வாங்கியவர் பெயரைப் பதிவேட்டில் எழுதி மூன்று வருடம் வைத்திருக்க வேண்டும் என்பது அதன் விதி. 2018 ஏப்ரலில் போதைப்பொருள் சட்டத்துக்குள்ளும் கொண்டுவந்துவிட்டார்கள். மூன்று வருடப் பழைய சீட்டுக்கு மூன்று கடைகளிலும் உங்களுக்குக் கொடுத்திருக்கவே கூடாது. சீட்டு எழுதியவர் ஏழு நாள் கழித்துத் திரும்ப வரச் சொல்லிப் பார்த்திருக்கவும் வேண்டும். அதையும் யாரும் செய்யவில்லை.

இனி சிகிச்சை. உங்களுக்கு வலிப்பு வந்திருப்பதால் முதல் சில நாட்களுக்கு உள்நோயாளியாகச் சேரச் சொல்வார்கள் என்று எதிர்பார்க்கிறேன். சேருங்கள். அதன்பின் இரண்டு வழிகள். ஒன்று, டிரமடாலையே படிப்படியாக இறக்குவது. இருக்கும் அளவில் பத்தில் ஒரு பங்கு குறைத்து, ஓரிரு வாரம் உடல் பழகியபின் அடுத்த பங்கு. மெதுவானது, பொறுமை வேண்டும். இரண்டாவது, புப்ரினார்பின். நாக்குக்கு அடியில் வைத்துக் கரைய விடும் மாத்திரை. அதே ஏற்பியில் உட்கார்ந்து, கிறக்கம் தராமல் கொட்டாவியையும் குடைச்சலையும் அடக்கும். உங்களுக்கு அந்த அவஸ்தை தொடங்கிய பிறகுதான் முதல் அளவைக் கொடுக்க முடியும், முந்திக் கொடுத்தால் அதுவே அவஸ்தையைக் கிளப்பிவிடும். அதை மெடிக்கலில் வாங்க முடியாது, அங்கீகாரம் பெற்ற மையங்களில்தான் தருவார்கள். உங்கள் வலிப்பை வைத்துப் பார்த்தால் என் விருப்பம் இந்த இரண்டாவது வழி. ஆனால் உங்களை நேரில் சோதிக்கிறவர் சொல்வதுதான் முடிவு.

இதைக் கேட்டதும் ஒரு மாத்திரைக்குப் பதில் இன்னொரு மாத்திரையா என்று வீட்டில் யாராவது கேட்பார்கள். கேட்கட்டும். சர்க்கரை நோயாளியிடம் இன்சுலின் எப்போது நிறுத்துவாய் என்று யாரும் வாரா வாரம் கேட்பதில்லை.

எத்தனை நாள் என்று கேட்டீர்கள். உடல் அவஸ்தையின் உச்சம் முதல் மூன்று நான்கு நாட்கள், பெரும்பாலும் பத்து நாளில் தணியும். தூக்கம் திரும்பச் சில வாரங்கள். ஏக்கம் மாதக்கணக்கில் வந்து வந்து போகும். இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். நிறுத்தி ஒரு மாதம் ஆனபின் ஏதோ ஒரு கெட்ட நாளில் பழைய ஞாபகத்தில் பத்து மாத்திரையை எடுத்துப் போட்டால், அந்தப் பத்தைத் தாங்கும் உடல் அப்போது உங்களிடம் இருக்காது. இந்த வகை மருந்துகளில் பல சாவுகள் இப்படித்தான் நடக்கின்றன. தவறிப் போய் ஒன்று போட்டுவிட்டால் அன்றைக்கே மருத்துவரிடம் சொல்லுங்கள், யாரும் திட்ட மாட்டார்கள். திட்டினால் மருத்துவரை மாற்றுங்கள்.

பஸ் ஸ்டாண்டில் ஒட்டியிருக்குமே, யாருக்கும் தெரியாமல் சோற்றில் கலந்து கொடுத்தே போதையை நிறுத்தும் பொடி, அதன் பக்கம் போகாதீர்கள். தனியார் மறுவாழ்வு மையம் என்றால் மாநில மனநல ஆணையத்தின் பதிவு இருக்கிறதா, பெண்களுக்குத் தனிப் பிரிவு இருக்கிறதா, மனநல மருத்துவர் நேரில் வருகிறாரா என்று கேட்டபின் சேருங்கள். பூட்டி வைப்பதையும் அடிப்பதையும் சிகிச்சை என்று நடத்துகிற இடங்கள் இன்னும் இருக்கின்றன. அரசு மருத்துவமனைகளில் கலங்கரை என்ற பெயரில் மீட்பு மையங்கள் திறந்திருக்கிறார்கள், உங்களுக்கு அருகில் எங்கே என்று விசாரியுங்கள். முதலில் போனில் பேசிப் பார்க்கலாம் என்று தோன்றினால் 14416, டெலி மானஸ். போதை மீட்புக்கென்றே 14446 இருக்கிறது.

போலீசுக்குச் சொல்ல மாட்டார்கள். 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் உங்கள் சிகிச்சை விவரத்தை ரகசியமாக வைக்க மருத்துவமனையைக் கட்டாயப்படுத்துகிறது. போதைப் பழக்கமும் அந்தச் சட்டத்துக்குள் வரும். போதைப்பொருள் சட்டத்திலேயே 64ஏ என்று ஒரு பிரிவு, தானாக முன்வந்து சிகிச்சை எடுப்பவர்களை வழக்கிலிருந்து காக்கத்தான் இருக்கிறது. கம்பெனிக்கு மருத்துவ விடுப்புச் சீட்டு போதும்.

இடுப்பு வலிக்கு வருவோம். அது பொய் என்று நான் சொல்லவில்லை. ஆனால் இப்போது நீங்கள் உணர்வதில் எவ்வளவு டிஸ்க்கினால், எவ்வளவு அடுத்த மாத்திரைக்கான நேரம் நெருங்குவதால் என்று பிரிக்க முடியாது. நெடுநாள் ஓபியாய்டு சாப்பிட்டால் சிலருக்கு வலி உணர்வே கூர்மையாகிவிடுவதும் உண்டு. 2023-இல் ஆஸ்திரேலியாவில் இடுப்பு, கழுத்து வலி புதிதாக வந்த 347 பேரை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. ஒரு குழுவுக்கு ஓபியாய்டு, மறு குழுவுக்கு வெறும் மாவு மாத்திரை. ஆறு வாரத்தில் வலி குறைந்த அளவில் வித்தியாசமே இல்லை. மாத்திரை இறங்கிய பிறகு பிசியோதெரபி, அப்புறம் உங்கள் ஸ்டூல். முதுகுச் சாய்வு இல்லாத ஸ்டூலில், பெடலுக்கு எட்டிக் குனிந்துதானே தைக்கிறீர்கள்? முக்கால் மணி நேரத்துக்கு ஒருமுறை எழுந்து இரண்டு நிமிடம் நடக்கச் சொல்வார்கள். பீஸ் ரேட்டில் வேலை செய்கிறவருக்கு அந்த இரண்டு நிமிடமும் காசு என்று எனக்குத் தெரியும், இருந்தாலும் சொல்லாமல் விட முடியவில்லை. தொடை இடுக்கில் மரத்துப் போவது, சிறுநீர் அடைப்பது, கால் பலவீனமாவது ஏதாவது இருந்தால் அன்றே எலும்பு மருத்துவரிடம் போக வேண்டும்.

கடைசியாக உங்கள் அம்மா. கடிதத்தை இரண்டு முறை படித்தேன், இரண்டு முறையும் அந்தப் பாதி மாத்திரையில் நின்றுவிட்டேன். இன்றிலிருந்து அவருக்கு முழு அளவையும் கொடுங்கள். எலும்புக்குப் பரவிய புற்றுநோயின் வலிக்கு மார்ஃபின் சரியான மருந்து. சாதாரண மார்ஃபின் மாத்திரை நான்கு மணி நேரத்துக்குத்தான் வேலை செய்யும், அதனால்தான் நேரம் குறித்துக் கொடுக்கச் சொல்கிறார்கள். வலி வந்தபின் கொடுப்பது தாமதம். மலச்சிக்கலுக்குக் கொடுத்த மருந்தையும் நிறுத்தாதீர்கள். இவ்வளவு நாள் பாதிதான் கொடுத்தேன் என்பதை அவரைப் பார்க்கும் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் முழு அளவுக்கும் வலி நிற்கவில்லை என்று நினைத்து அவர் அளவை ஏற்றிவிடுவார். இந்த நாட்டில் மார்ஃபின் கிடைக்காமல் வலியிலேயே செத்தவர்கள் கணக்கில்லை. கிடைக்க வழி செய்யத்தான் 2014-இல் சட்டத்தையே திருத்தினார்கள். அது கிடைத்தும் ஒருவர் வலியில் கிடக்க வேண்டாம்.

அந்த டப்பாவைக் கையில் எடுத்துவிட்டுத் திரும்ப வைத்தீர்கள். அதைச் சாதாரணமாக எழுதியிருக்கிறீர்கள், எனக்கு அது சாதாரணமாகப் படவில்லை. ஆனால் இன்னொரு முறையும் அப்படி வைக்க முடியும் என்று நம்பி இருக்க வேண்டாம். டிரமடால் ஓடும் உடம்பில் மார்ஃபினும் சேர்ந்தால் மூச்சு நின்றுவிடலாம். ஒரு சின்ன இரும்புப் பெட்டி வாங்கி அம்மாவின் மாத்திரைகளை அதில் பூட்டுங்கள். சாவி தங்கையிடம் இருக்கட்டும். ஒரு நாளைக்கு வேண்டியதை மட்டும் காலையில் வந்து எண்ணி அம்மாவின் கையில் கொடுக்கட்டும். சாவி எதற்கு அவளிடம் என்று உங்கள் கணவர் கேட்பார். அப்போது சொல்லிவிடுங்கள். தங்கையையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.